மாட்டு நர்ஸ் மன்னிப்புக் கேட்கணுமாம்!

அந்த வீடியோ உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். மாட்டுத் தொழுவத்தில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண், பெரியவர் கையிலிருந்து மூங்கில் குழாயைப் பிடுங்கி வீசுகிறாள். கீழே தலைப்பு – ‘பெரியவரை அவமதித்த மாட்டு நர்ஸ்!’

‘படிச்ச திமிர்’ என்று நீங்களும் கமென்ட் போட்டீர்களா? போட்டிருந்தால் கொஞ்சம் உட்காருங்கள். நான் அந்தத் தொழுவத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் தீபா. கல்வராயன் மலைக் கிராமத்துப் பெண். கச்சிராயபாளையத்தில் எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, கள்ளக்குறிச்சிக்குப் போய் கால்நடை உதவியாளர் பயிற்சி படிக்கிறாள். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் சாணி வாசனையோடு திரும்புவாள். பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். “மாட்டுக்கெல்லாம் நர்ஸா?” என்று கண்டக்டர் வரைக்கும் கிண்டல். மனுஷனுக்கு ஊசி போட்டால் சிஸ்டர், மாட்டுக்குப் போட்டால் சிரிப்பு... என்ன நியாயமோ!

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்களுக்குப் பால் ஊற்றும் அஞ்சலை ஓடி வந்தாள். கரும்பு வெட்டும் கூலிக்காரி. அந்த ஒரு மாட்டை நம்பித்தான் பிள்ளைகளை வளர்க்கிறாள்.

“தீபா, கொஞ்சம் வந்து பாரும்மா. நேத்துதான் கன்னு போட்டுச்சு. படுத்துக்கினே இருக்குது, எழுந்துக்கவே மாட்டேங்குது!”

பயிற்சிக்குப் போடும் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள் தீபா. நானும் கூடவே போனேன். மாடு கழுத்தை மடக்கி விலாப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. தீபா காதைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்ததாம்.

“பால் காய்ச்சல்க்கா. பேருதான் காய்ச்சல், ஒடம்புல சுண்ணாம்புச் சத்து கம்மியாயிடுச்சு. டாக்டர் வந்து கால்சியம் ஏத்தினா எழுந்துக்கும். அதுவரைக்கும் வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. அதால முழுங்க முடியாது, நேரா நுரையீரலுக்குப் போயிடும்.”

டாக்டருக்குப் போன் போட்டாள். மலைமேல் தடுப்பூசி முகாமில் இருந்தவர், உடனே இறங்குவதாகச் சொன்னார். படிக்கிற பெண், தானாக ஊசி போடக் கூடாது. மாடு சாய்ந்துவிடாமல் வைக்கோல் மூட்டைகளை அண்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அப்போதுதான் அஞ்சலையின் மாமனார் மிளகுக் கஷாயமும் மூங்கில் குழாயுமாக வந்தார். பின்னாலேயே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். எங்கள் ஊரில் மாடு படுத்தால் முதலில் எழுவது அந்தக் குழாய்தான். நாக்கை இழுத்துப் பிடித்து, தலையைத் தூக்கி, தொண்டைக்குள் ஊற்றுவார்கள்.

“வேணாங்க தாத்தா, மாடு செத்துடும்!”

“காலங்காலமா ஊத்திக்கினுதான் வரோம். நேத்து வந்த பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?”

கெஞ்சினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். அதை ஒருத்தனும் படம் எடுக்கவில்லை. அவர் மாட்டின் நாக்கைப் பிடித்து இழுத்தபோதுதான் குழாயைப் பிடுங்கி வீசினாள். சுற்றி நின்ற போன்களெல்லாம் அப்போதுதான் முழித்துக்கொண்டன.

வீடியோ அதோடு முடிகிறது. மிச்சத்தை நான் சொல்கிறேன். தீபாவைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். நான் கத்தினேன், யார் கேட்டார்கள்? ஒருத்தர் குழாயைப் பொறுக்கிக் கொடுத்தார். ஊற்றினார்கள். மாடு இருமியது, மூக்கு வழியாகக் கஷாயம் நுரைத்துக்கொண்டு வந்தது. டாக்டர் வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. கால்சியம் பாட்டில் அவர் பையிலேயே இருந்தது. அஞ்சலை கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வீடியோ போட்ட லோக்கல் சேனலுக்குப் போன் செய்தேன். “மாடு சாவறதெல்லாம் நியூஸா மேடம்? சண்டைதான் ஓடும்” என்றான் போனை எடுத்த பையன். அடப்பாவிகளா!

இதற்கு மேல் ஒரு கொடுமை. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு வீடியோ போட வேண்டுமாம், இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்களாம். சொன்னது பயிற்சி நிலையம்! நானே போய் நடந்ததைச் சொன்னேன். “அதெல்லாம் சரிங்க, எங்களுக்குக் கெட்ட பேரு வருதுங்களே” என்றார் முதல்வர். சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே செய்த பெண்ணால் கெட்ட பெயர்... நன்றாக நடத்துங்கள் ஐயா, பயிற்சி!

“கேட்கவே கேட்காதே” என்றேன் தீபாவிடம்.

“படிப்பு வேணும்க்கா” என்றாள். என் போனை வாங்கி எதிரே வைத்துக்கொண்டு பேசினாள்.

“தாத்தா, உங்க கையில இருந்து கொழாய புடுங்குனதுக்கு மன்னிச்சிடுங்க. அஞ்சலக்கா, நீயும் மன்னிச்சிடு... அந்தக் கொழாய மறுபடியும் எடுக்க வுட்டுட்டேன்.”

இந்த வீடியோவை எந்தச் சேனலும் போடவில்லை. அதனால் நான் போட்டுவிட்டேன்.