காகத்துக்கு வைத்த சோறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசுக் கதை கேட்கிற ஆள் நான் இல்லை. கோயிலில் நாலு பெண்கள் கூடியிருந்து அவளில் அது ஏறியது, இவளை இது பிடித்தது என்று தொடங்கினால் நான் எழும்பிப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில்தான் எனக்கு வேலை. அங்கே அடிக்கடி யாராவது காலமாவார்கள், அந்த அறைக்குள் தனியாகப் போய்ச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றும் நடந்ததில்லை. பேயை மட்டுமில்லை, மனிதரையும் எனக்கு லேசில் நம்ப வராது. என் குணம் அப்படி. அதனால் நீங்கள் நான் சொல்வதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

போன இலையுதிர்கால விடுமுறைக்கு முன்னர் கோல்டிங்கில் இருக்கிற எங்கள் மகள் துஷி போன் எடுத்தாள். அப்பாவும் அம்மாவும் எப்போது பார்த்தாலும் வேலை, வீடு, கோயில் என்று இருக்கிறீர்களாம், அதனால் வடக்கே லில்லெ வில்மோஸ என்ற இடத்தில் தங்க ஒழுங்கு செய்துவிட்டாளாம். முழுக்க டெனிஷில் சொல்லி முடித்தாள். அது பெரிய சதுப்பு நிலம், கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு வீடு வாசல் இல்லை, எல்க் மான் இருக்கிறது, கொக்கு இருக்கிறது, கடல் கழுகு இருக்கிறது என்றாள். சதுப்பு நிலத்தில் போய்ப் படுக்க நான் என்ன தவளையா என்று கேட்டேன். ஆனால் என் மனுசன் சிவநேசனுக்கு முகமெல்லாம் பல். ஊரில் எருமை மாட்டைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிற மனிதர், எல்க் பார்க்கவென்று பைனாகுலர் வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். கிர்ஸ்டன் என்று ஒரு டெனிஷ் மனுசியின் பண்ணை, அவவுடைய முற்றத்தில் எங்களுக்கென்று ஒரு சின்ன மரவீடு. வேலிக்கு அந்தப் பக்கம் சதுப்பு நிலம் தொடங்குகிறது. அதற்கு மேலால் நடக்கப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், பலகையை விட்டுக் கால் வைத்தால் பாசிக்குக் கீழே தண்ணீர், சில இடங்களில் அந்தக் காலத்தில் விறகுக்குப் பதிலாக எரிக்க மண் வெட்டி எடுத்த ஆழமான கிடங்குகள். மரவீடு நல்ல சுத்தம். அந்தச் சுத்தமே எனக்குச் சந்தேகம், இவ்வளவு தேய்த்துக் கழுவ முந்தி இங்கே என்ன நடந்தது என்று யோசித்தேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், போர்வையை மணந்து பார்த்தேன்.

இரவுச் சாப்பாடு கிர்ஸ்டனே கொண்டுவந்து தந்தா, பெரிய இரும்புச் சட்டியில் மான் இறைச்சியும் உருளைக்கிழங்கும். மான்தானா, பன்றி ஏதும் கலந்திருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவவுக்கு முகம் கறுத்துவிட்டது. இவர் வெள்ளிக்கிழமை என்றும் பார்க்காமல், வெட்கமில்லாமல் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார். வெளியே கலைமான்கள் கத்தின. அது பெட்டை மானைத் தேடுகிற காலமாம். மான் என்றால் மெல்லிய சத்தம் போடும் என்றுதானே நினைத்திருந்தேன், இது தொண்டைக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருந்தது.

அடுத்த நாள் புரட்டாசிச் சனி. விடுமுறை என்றாலும் விரதம் விரதம்தானே. ரைஸ் குக்கர், அரிசி, பருப்பு, எள், நல்லெண்ணெய், உறைய வைத்த வாழையிலைத் துண்டு எல்லாம் காரில் கொண்டுபோயிருந்தேன். மத்தியானம் சமைத்து முடித்து, எள்ளுச் சோற்றை இலையில் வைத்து வெளியே கொண்டுபோனேன். காகம் சாப்பிடாமல் நாங்கள் வாய் வைப்பதில்லை. கிரின்ஸ்டெட்டில் பால்கனியில் வைத்தால் போதும், கழுத்தில் சாம்பல் பூசிய சின்னக் காகங்கள் கையைத் தட்டிவிடுகிற மாதிரி வந்து விழும். இங்கே முற்றத்தில் வைத்துக் கா கா என்று கூப்பிட்டேன், ஒன்றும் வரவில்லை. வேலியைத் தாண்டிப் பலகைப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தறித்த மரக்குற்றி இருந்தது, அதில் வைத்துக் கூப்பிட்டேன். வானத்தில் ஒரு குருவிகூட இல்லை.

இவருக்குச் சீனி வருத்தம், பசி தாங்கமாட்டார். ஜன்னலால் தலையை நீட்டி, "இஞ்சேரும், காகத்துக்கு இண்டைக்கு லீவாக்கும், நாங்கள் சாப்பிடுவம்" என்று பகிடி விட்டார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அந்த எரிச்சலில்தான், நான் என் வாயால், சதுப்பு நிலத்தைப் பார்த்து, "ஆரெண்டாலும் பரவாயில்லை, வந்து சாப்பிடுங்கோ" என்று சொன்னேன். அப்படி ஒருவரும் சொல்வதில்லை. காகத்தைத்தான் கூப்பிடுவது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

தண்ணீர் எடுக்க உள்ளே போய்த் திரும்பி வந்தேன், இலையில் ஒரு பருக்கை இல்லை. ஒரு எள்ளுக்கூட இல்லை. காகம் சாப்பிட்டால் பாதியை நிலத்தில் கொட்டிச் சிந்தித்தானே சாப்பிடும்? இது வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது, அதோடு இலை மடிந்திருந்தது, பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் தங்கள் பக்கமாக மடிப்பார்களே, அப்படியே. காற்றாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் இவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். ஓகோ, பசி தாங்காமல் பின்கதவால் வந்து காகத்தின் சோற்றைத் தின்றுவிட்டார் என்று முடிவு கட்டினேன். விரத நாளில் சண்டை வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை, மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு இவர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்க் பார்க்கப் புறப்பட்டார். பாதை முடிவில் ஏறிப் பார்க்க ஒரு மரக் கோபுரம் இருக்கிறது, அதுவரைக்கும்தான் என்றார். நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழும்பிப் பார்த்தால் வெளியே வெள்ளை. வேலிகூடத் தெரியாத பனிப்புகார். இவரைக் காணவில்லை, இவருடைய போன் மேசையில் கிடக்கிறது. அதை எடுத்து ஜாக்கெட் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஏசுகிறதுக்கு வேண்டியதையெல்லாம் வாய்க்குள் தயார் பண்ணிக்கொண்டு பலகையில் நடந்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் இவருடைய குரல் கேட்டது. "ஓம்... ஓம்..." என்று, யாருக்கோ ஆமாம் போடுகிற மாதிரி, சிரிப்போடு, குழைந்து. நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது, எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தேகம். இந்த வயதில் யாரோடு இவ்வளவு இனிமையாகப் போனில் கதைக்கிறார்? அப்படி நினைத்துக்கொண்டே கையைப் பொக்கெட்டுக்குள் விட்டேன். அவருடைய போன் என் கையில் பட்டது.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். குரல் பாதைக்கு நேரே முன்னால் இருந்து வரவில்லை. இடது பக்கத்தில், பலகையே இல்லாத பக்கத்தில் இருந்து வருகிறது. சளக், சளக் என்று தண்ணீருக்குள் கால் வைக்கிற சத்தமும் கேட்கிறது. மற்றக் குரல் எனக்குக் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. இவர் கொஞ்சம் பொறுத்து ஓம் என்கிறார், பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி ஓம் என்கிறார். முன்னால் எங்கேயோ மண் வெட்டிய கிடங்கு இருக்கிறது, எவ்வளவு ஆழமென்று யாருக்குத் தெரியும்?

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். எனக்குக் கழுத்தில் கட்டி வந்து ஒப்பரேஷன் செய்த நாளில் இருந்து கட்டைக்குரல்தான், கத்தினால் இன்னும் கரகரக்கும். அவர் நிற்கவில்லை. அன்றைக்கு வாழ்க்கையில் முதல்தரமாக அவருடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "சிவநேசன்! சிவநேசன்!" கலியாணம் முடித்த நாளில் இருந்து நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எங்கள் ஆட்களில் அந்த வழக்கமில்லை. நம்புங்கள், நம்பாமல் விடுங்கள், பேரைக் கேட்டதும் சளக் சளக் இன்னும் வேகமானது. மனுசன் என்னை விட்டு ஓடுகிறார்.

எனக்குக் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. என்ன சொல்லிக் கூப்பிடுகிறது? என்ன சொன்னால் நான்தான் என்று அவருக்கு விளங்கும்? வேறொன்றும் வாயில் வரவில்லை, மத்தியானத்தில் இருந்து நெஞ்சுக்குள் வைத்திருந்ததுதான் வந்தது.

"விரத நாளிலை காகத்தின்ரை சோத்தைக் கள்ளமாத் திண்டிட்டு இப்ப எங்கை ஓடுறியள்?"

சத்தம் நின்றது. பிறகு அவர் குரல் வந்தது, நல்ல கோபமாக.

"என்ன கதை கதைக்கிறீர்? நான் எங்கை திண்டனான்? கண்டனீரே?"

"கண்டனான்! வாயைத் துடைச்சுக்கொண்டு நிண்டதைக் கண்டனான்!"

"அது தண்ணி குடிச்சனான்! கோயில் சத்தியமா நான் தொடேல்லை!"

அந்தச் சண்டையை நான் விடவில்லை. அவர் அம்மாவை இழுத்தேன், தங்கச்சியின் கலியாண வீட்டில் நடந்ததை இழுத்தேன், புதுச் சப்பாத்தை இழுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் மறுமொழி சொல்லச் சொல்ல, மறுமொழி எனக்குக் கிட்டக் கிட்ட வந்தது. கடைசியில் பனிப்புகாருக்குள் இருந்து கை ஒன்று பலகையைப் பிடித்தது. இழுத்து ஏற்றினேன். இடுப்புவரை கறுப்புத் தண்ணீர், ஒரு சப்பாத்து இல்லை. அந்த இடத்திலேயே இருந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சோற்றைத் தொடவில்லை என்பது எனக்குள் மெல்ல மெல்ல இறங்கியது அப்போதுதான். அப்படியென்றால் யார் சாப்பிட்டது?

கிர்ஸ்டன் அவரைத் தன் வீட்டு அடுப்படியில் இருத்திக் கம்பளி சுற்றிச் சூடாகச் சூப் கொடுத்தா. என்ன சூப் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. பாதை தவறிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவ அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டா, "கூப்பிட்டதற்கு இவர் பதில் சொன்னாரா?" யாரோ கூப்பிட்டதாக நான் அவவுக்குச் சொல்லவேயில்லை. இவர் அவசரமாக "இல்லை, இல்லை" என்றார். அவ தலையை ஆட்டிவிட்டுக் கோப்பி போடப் போய்விட்டா. இவவுக்கு ஏதோ தெரியும் என்று நான் விடாமல் கேட்டுப் பார்த்தேன். இங்கே அண்டங்காகங்கள் மனிதர் மாதிரிக் குரல் எழுப்பும் என்று மட்டும் சொன்னா.

அன்றைக்கே புறப்பட்டுவிட்டோம். வழியில் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். என்ன நடந்தது, பொய் சொல்லக்கூடாது என்றேன்.

"நீர்தான் கூப்பிட்டனீர்" என்றார். "இஞ்சாருங்கோ, சோறு ஆறுது, வாங்கோ எண்டு. நான் ஓம், வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் இறங்கினனான்."

"என்ரை குரலே? அண்டங்காகம் எண்டு அந்த மனுசி சொன்னவ."

"உம்மடை குரல்தான். ஆனா இப்பத்தை குரல் இல்லை. ஒப்பரேஷனுக்கு முந்தின குரல். கலியாணம் முடிச்ச புதுசிலை கூப்பிடுவீரே, அது. பின்னாலை கரகரத்த குரலிலை ஆரோ என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடப் பயந்துபோனன்."

அண்டங்காகம் கேட்டதைத் திருப்பிச் சொல்லும், சரி. கேட்காததை எப்படிச் சொல்லும்? அந்தக் குரலில் நான் கதைத்த ஒரு வீடியோகூட எங்களிடம் இல்லை. அது எப்படி இருந்தது என்று எனக்கே மறந்துபோய்விட்டது. அவருக்கு மறக்கவில்லை என்றும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அது இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

வீட்டுக்கு வந்தபின் நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் நான் வேலையால் வரும்போது சமையலறை ஜன்னல் திறந்திருக்கும், எந்தக் குளிரிலும். காற்று வரட்டும் என்பார். நான் சாத்துவேன். சாத்திவிட்டு வேண்டுமென்றே அவரோடு சண்டை தொடங்குவேன், இல்லாததும் பொல்லாததும் சொல்வேன், அவர் அம்மாவை இழுப்பேன். முந்தி என்றால் துள்ளி எழும்புவார். இப்போது எழும்புவதில்லை.

"ஓம், நீர் சொல்லுறது சரிதான்" என்கிறார், சிரித்த முகத்தோடு, ஜன்னலைப் பார்த்தபடி.