ஓணானுக்கு ஒரு முழம்

ஓணான் கழுத்தில் விசிறி விரிக்கும் என்று சொன்னதுதான் நான் செய்த குற்றம். நாகமலைக்குப் பக்கத்துப் பொட்டலில் என் கண்ணால் பார்த்தது. விரல் நீள உடம்புள்ள ஓணான் ஒன்று கல்லின் மேல் ஏறி நின்று, தாடைக்கடியில் மயில்கழுத்து நீலத்தில் ஒரு விசிறியை விரித்து விரித்து மடக்கியது. மறுநாள் ஜவுளிக்கடையில், மத்தியானச் சோற்று நேரத்தில் அதைச் சொன்னேன். கடையின் மூத்த விற்பனையாள் கவளத்தை உருட்டியபடியே கேட்டார்.

"ஏன் மாப்ள, விசிறி மட்டுந்தானா? பாய், தலகாணி ஏதும் விரிக்கலையா?"

சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. மூத்தவர் விடவில்லை. "ஆடி பொறக்குறதுக்குள்ள போட்டோ புடிச்சுக் காட்டு. காட்டலைன்னா இனிமே சோத்து நேரத்துல வாயே தொறக்கக் கூடாது. திங்கிறதுக்கு மட்டும் தொறந்துக்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தேன் என்று உறைத்தது. நாள் முழுக்க நின்றே துணி கிழிக்கிற எனக்கு அந்த அரைமணிப் பேச்சுத்தான் உயிர். வருகிறவர் போகிறவர் சொல்லும் சொலவடையெல்லாம் பொறுக்கி வைத்து அங்கேதான் கொட்டுவேன்.

ரங்கூனிலிருந்து வந்த சித்தப்பா தந்த பெட்டிக் கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. அதில் கிட்டத்தில் எடுத்தால் எல்லாம் புகையாக விழும். எட்டி எடுத்தால் ஓணான் எறும்பாகிவிடும். மூக்குக்கண்ணாடிக் கடை பாயிடம் போய் நின்றேன். அவர் யோசித்துப் பார்த்து, வயதானவர்கள் படிக்கப் போடுகிற கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்துத் தந்தார்.

"இத கேமரா கண்ணுக்கு முன்னால ஒட்டுங்க. ஓணானுக்கு ஒரு முழத்துல கேமராவ வைங்கண்ணே. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

ஒரு முழம் நூலை அளந்துகொண்டு விடுமுறை நாளில் கிளம்பினேன். ஓணான் தினமும் அதே கல்லுக்குத்தான் வரும். அது வருமுன் நூல் பிடித்துக் கேமராவை நிறுத்தி, அசையாமல் மேலே ஒரு கல்லை வைத்து, விசையில் இன்னொரு நீள நூலைக் கட்டி, முள்ளுச்செடிக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன். ஆடு மேய்க்க வந்த அம்மா ஒருத்தி நின்று பார்த்தாள்.

"என்னய்யா இது, ஓணானுக்கா விழுந்து கும்புடுறீக?"

ஒவ்வொன்றுக்கும் எழுந்துபோய்ப் பிலிமைத் திருகி, சுருளின் எட்டுப் படமும் எடுத்தேன். கழுவி வந்தபோது எட்டும் பாழ். கல்லுக்கு முன்னாலிருந்த புல் ஒவ்வொன்றும் தெளிவு. ஓணான் மட்டும் எச்சில் தொட்டு அழித்த மாதிரி. ஆடிக்கு ஒரே ஒரு விடுமுறை நாள்தான் பாக்கி.

படங்களைத் தூக்கிக்கொண்டு பாயிடம் ஓடினேன். அவர் புல்லையே பார்த்தார். பிறகு, "கையை நீட்டுங்கண்ணே" என்று தம் கையைப் பக்கத்தில் வைத்தார். முழங்கையோடு முழங்கை சேர்த்தால், என் விரல் நுனி அவர் விரலைத் தாண்டி மூன்று விரற்கடை போய் நின்றது.

"யா அல்லா! நான் என் முழத்தைச் சொன்னேன், நீங்க உங்க முழத்தை அளந்திருக்கீங்க!"

பொழுது விடிந்தால் கஜக்கோலும் கையுமாக நிற்கிற நான், முழங்கையை நம்பிப் போயிருக்கிறேன்! இந்த முறை பாயின் கையிலேயே நூலைப் பிடித்து அளந்தேன்.

கடைசி விடுமுறை நாள், உச்சி வெயில். மண் சுட்டு வயிறு கொப்பளிக்கும் போலிருந்தது. ஏழு படம் போயிற்று: ஒன்றில் கல் மட்டும், ஒன்றில் வால் மட்டும். எட்டாவதுக்கு நூலைச் சுண்டாமல் காத்துக் கிடந்தேன். பக்கத்துக் கல்லில் இன்னொரு ஓணான் ஏறியது. அவ்வளவுதான், நம்ம ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி, விசிறியை முழுசாக விரித்தது. சுண்டினேன்.

ஆடிக்கு முந்தின நாள் சோற்று நேரத்தில் அந்தப் படத்தை மூத்தவர் முன்னால் வைத்தேன். சாப்பிட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். விசிறி ஓர மடிப்புக்கூட அதில் தெரிந்தது. எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

"விசிறி இருக்குதான்" என்றார் மெதுவாக. உடனே நிமிர்ந்து, "ஆனா நீலம்னியே? இது கருப்பால்ல இருக்கு!"

"கேமராவுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தாண்ணே. நீலத்தை நான்தான் சொல்லணும்."

அவர் சிரித்துவிட்டார். "சொல்லித் தொலை, மாப்ள."

சோறு ஆறிப்போகும்வரை சொன்னேன்.