குடுமியை முதலில் வெட்டுவது யார்?

ரயில்வே குவார்ட்டர்ஸ் நண்பர்கள் கவனத்துக்காக இதை வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன்.

குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்துக்கொள்வதென்று போன ஞாயிறு இதே அறையில் குமாஸ்தாக்கள் எட்டுப் பேர் மேசையைத் தட்டி முடிவு செய்தோம். பலமாகத் தட்டியவன் நான்தான்.

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் முடிவெட்டும் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து குடுமியை அவிழ்த்தும் விட்டேன். கத்தரிக்கோல் காதருகே வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இருங்க. எங்க ஆளுங்கள்ல யாரு முதல்ல வெட்டினது?"

கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கிராணி ஐயா, இந்த வாரம் இதே கேள்வியைக் கேட்ட எட்டாவது ஆளு நீங்க."

"கேட்டுட்டு என்ன செஞ்சாங்க?"

"முகத்தை மட்டும் மழிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒரே ஒரு தலையைக் குடுங்க. மத்த ஏழும் தானா வந்துடும் லா."

நியாயமான பேச்சுதான். ஆனால் வீட்டில் மனைவி நேற்றே சொல்லிவிட்டாள்: "எல்லாரும் வெட்டினா நீங்களும் வெட்டுங்க. தனியா வெட்டிக்கிட்டு என்கூடக் கோயிலுக்கு வராதீங்க."

நானும் முகத்தை மட்டும் மழித்துக்கொண்டு வந்தேன்.

இப்படியே விட்டால் காரியம் நடக்காது. அதனால் வெட்டிக்கொள்ளும் வரிசைக்காகக் கீழே எட்டுக் கோடு போட்டிருக்கிறேன். மூன்றாவது கோட்டில் துணிந்து என் பெயரை எழுதிவிட்டேன்.

முதல் இரண்டு கோடுகளை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.