சோப்புத் தண்ணீர் படாத கை

பாத்திரம் கழுவும் மிஷினைப் பொருத்த வந்தவர், கதவை மூடி ஒரு பொத்தானை அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். உள்ளே தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. “இனிமே உங்க கை சோப்புத் தண்ணில படவே படாது மேடம்” என்றார். நல்லதைத்தான் சொன்னார். நானோ பொசுக்கென்று அழுதுவிட்டேன். பாவம், அவர் பதறிப்போய் என் மகனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். மிஷினின் விலை தெரிந்துபோய் அழுகிறேன் என்றுகூட நினைத்திருப்பார்கள். எனக்குக் கோபமும் அழுகையும் சொல்லாமல் கொள்ளாமல் வரும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை முப்பது வருடத்துக்கு முன்னால் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒருத்தி எனக்குச் சொல்லியிருந்தாள். சொன்னாள் என்பது தவறு, உத்தரவு போட்டாள். என்னோடு ஒரே அறையில் இருந்த அக்கா அவள்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஓசூரில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்கு எடுத்தார்கள். மின்சார மீட்டருக்குள் போகும் அரிசி அளவுப் பாகங்களை இடுக்கியால் எடுத்துப் பொருத்தும் வேலை. பயிற்சி முடிந்ததும் சிலரை நிரந்தரமாக்குவார்கள், மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரிலோ எனக்கு ஒரு கடைக்கார மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, வேலை நிலைத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் மறு மாதமே கல்யாணம் என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தார். அந்த ஆளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் தெரியாது. அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த இருட்டு வீட்டை மட்டும் நன்றாகத் தெரியும். அதற்குள் போய் அடைந்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

அக்கா நாகரசம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். லைன் வீட்டில் ஓர் அறையை அவள் எடுத்திருந்தாள், பங்குக்கு ஆள் தேடியபோது நான் போய்ச் சேர்ந்தேன். சமைப்பது அவள், பாத்திரம் துலக்குவது நான் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். குழாயடியில் ஒரு சலவைக்கல், அதைச் சுற்றி எல்லா வீட்டுப் பாத்திரமும் கிடக்கும். போர் தண்ணீர் உப்பு. எவ்வளவு தேய்த்தாலும் டம்ளரில் வெள்ளை பூத்துவிடும். அந்த வெள்ளையைப் போக்குகிறேன் பார் என்று வீம்புக்குத் துலக்கும் பொடியை அள்ளி அள்ளிப் போட்டுத் தேய்த்தேன். டம்ளர் என்னவோ பளபளத்தது. என் விரல்கள் அத்தனையும் வெடித்து, மடக்கினால் ரத்தம் கசிந்தது.

வெடித்த விரலை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. மெல்லிய ரப்பர் உறையை விரலில் மாட்டினால் உள்ளே வியர்த்து எரியும், கழற்றினால் ரத்தம் பாகத்தில் படும். நான் படும் பாட்டைப் பார்த்து அக்கா ஒரு சாயங்காலம் விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து விரல் விரலாகப் பூசிவிட்டாள். எங்கள் இரண்டு ஊரிலும் வெடிப்புக்கு அதுதான் வைத்தியம். காலையில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் போனேன். ஆனால் வெடிப்புக்குள் எண்ணெய் தங்கியிருந்திருக்கிறது. உறையைத் தாண்டி ஊறி, மதியத்துக்குள் ஒரு தட்டு நிறையப் பாகங்களில் மஞ்சள் ஏறிவிட்டது. தட்டு முழுக்க ரிஜெக்ட். எங்கள் சூப்பர்வைசர் மேடம் கன்னடக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஒரு பாகத்தை எடுத்து மோந்து பார்த்தார். “இது அடுகே மனேயா? இந்தக் கைய வெச்சிக்கிட்டு இங்க வேல ஆகாது. சரி பண்ணிக்கோ. இல்லன்னா நான் உனக்காகப் பேச மாட்டேன்” என்றார். சமையலறை என்று நினைத்தாயா என்று கேட்கிறார். எனக்கு அப்படியே கடைக்குப் பின்னாலிருந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது போலாகிவிட்டது.

அறைக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். தான் பூசிய எண்ணெயால்தான் இத்தனையும் என்று தெரிந்ததும் அக்கா எழுந்து போய்ப் பாத்திரங்களை எல்லாம் பக்கெட்டில் போட்டுத் தூக்கிக்கொண்டாள். நான் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்கினேன். “உன் வேல நிலைக்கிற வரைக்கும் சோப்புத் தண்ணி உன் கையில படக்கூடாதுடி, சொல்லிட்டன். சும்மா உக்காந்து நாயம் பேசு, போதும்” என்றாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவள் துலக்குவாள், நான் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து கதை அளப்பேன். கம்பெனி லைனில் யார் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், கேண்டீன் சாம்பாரில் எந்தக் காயைக் காணோம், மேடம் எப்படி நடப்பார் என்று நடித்தே காட்டுவேன். அக்கா பதில் பேச மாட்டாள். வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். பகலெல்லாம் பெட்டிகளைத் தூக்கி அடுக்கிவிட்டு வந்தவள். இடுப்பு விட்டுப்போயிருக்கும். ஒரு நாள்கூட முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் சும்மா விடுவார்களா? மகாராணிக்கு ஆரத்தி எடுக்கலையா என்று கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்றிருக்கும். அக்காவோ அசர மாட்டாள். “அவ கை நல்லா இருந்தாத்தான் மீட்டரு ஓடும். உங்க வூட்டுக்குக் கரண்டு பில்லு வரணுமா, வேணாமா?” என்பாள். வராமலே இருக்கட்டும் என்று அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன. பயிற்சியின் முடிவில் மேடம் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு எனக்காகப் பேசினார். வேலை நிலைத்தது. இன்றைக்கு எனக்கென்று இருக்கும் வீடு, நானாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், எல்லாம் அந்தக் கையால் வந்தவை. விருப்ப ஓய்வு வாங்கும்வரை அதே மேசையில்தான் இருந்தேன். எனக்கு வேலை நிலைத்த வருடமே அக்கா கல்யாணமாகி நாகரசம்பட்டிப் பக்கமே மாந்தோப்புக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். பாத்திரத்தைப் பிரித்துக்கொண்டபோது, எது யாருடையது என்று இருவருக்குமே தெரியவில்லை. அதன் பிறகு நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொண்டோம், போனில் பேசினோம். ஆனால் பக்கத்தில் ஒருத்தி பேசாமல் சிரித்துக்கொண்டிருக்க, மனதில் இருப்பதை எல்லாம் கொட்டித் தீர்க்கிற சாயங்காலம் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் தங்கமானவர். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் தூங்கிவிடுவார்.

மிஷின் வந்த புதிதில் அதனோடு நான் பட்ட பாடு தனிக்கதை. கடாயை எந்தப் பக்கம் கவிழ்த்தாலும் உள்ளே தண்ணீர் பீய்ச்சும் இறக்கையில் இடித்தது. அதற்கென்று வரும் வில்லை தீர்ந்துபோன ஒரு நாள், எல்லாம் சோப்புதானே என்று கையால் தேய்க்கும் திரவத்தை ஊற்றிவிட்டேன். நுரை கதவிடுக்கு வழியாகப் பொங்கிக் கூடம்வரை வந்தது. மகன் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டான். இங்கத்து உப்புத் தண்ணீருக்கு அதில் தனியாக ஓர் உப்புப் போட வேண்டும், அது போட்டால்தான் வெள்ளை பூக்காது என்பதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. உப்பை உப்பால்தான் ஓட்ட வேண்டும் என்று அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னார்கள்!

போன கோடையில் அக்கா ஓசூருக்கு வந்தாள். தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும், துணைக்கு வருகிறாயா என்று கேட்டாள். பஸ் நிலையத்தில் இறங்கியவள் முந்தானைக்குள் கையை மறைத்திருந்தாள். இழுத்துப் பார்த்தேன். சீசன் நேரத்தில் மாம்பழக்கூழ் ஆலைக்குப் பழம் நறுக்கப் போகிறாளாம். பழத்தின் பால் பட்டுப் பட்டுத் தோல் வெந்து, வீட்டில் பாத்திரப் பொடியும் சேர்ந்து, உள்ளங்கை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. என் விரலுக்கு வந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சோப்பும் பொடியும் கொஞ்ச காலத்துக்குக் கையில் படவே கூடாது, பட்டால் சீழ் பிடித்துக்கொள்ளும் என்றார். நான் டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டேன், ஆறும்வரை இவளை அனுப்பப் போவதில்லை என்று.

அக்காவுக்கு மிஷினைக் கண்டால் ஆகவில்லை. எச்சில் தட்டையும் சோறாக்கும் குண்டானையும் ஒரே தண்ணீரிலா கழுவும் என்று முகத்தைச் சுளித்தாள். நான் அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டையும் குழாயில் அலசப் பார்த்தாள், கையைத் தட்டிவிட்டேன். கழுவி வைத்ததை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மட்டும், பரவாயில்லை, இதுக்குக் கை இருக்குது என்று ஒப்புக்கொண்டாள். வெடிப்புகள் ஓரங்களில் மூடத் தொடங்கின. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மிஷினை மூடிவிட்டு வந்து எதிரெதிரே உட்கார்ந்தால், இருவருக்கும் பேச்சே எழவில்லை. டிவியைப் போட்டுக்கொண்டோம். பக்கத்திலேயே இருக்கிறாள், ஆனாலும் அவளுக்காக ஏங்கினேன். இது என்ன கூத்து என்று எனக்கே புரியவில்லை.

கை முழுக்க ஆறுவதற்குள் அவள் மகளிடமிருந்து போன் வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி பார்க்க வருகிறவர்களுக்கு ஆக்கிப் போட வேண்டும், வெந்நீர் வைக்க வேண்டும், மலைபோல் பாத்திரம் விழும். அக்கா பையை எடுத்துவிட்டாள். நான் சத்தம் போட்டேன், சண்டை போட்டேன், இந்த மிஷினையே வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன் என்றேன். “எங்க ஊட்டுல தண்ணி என்னிக்கி வரும்னு அந்தத் தண்ணிக்கே தெரியாது. இதுக்கு நான் எங்கடி பைப்ப மாட்டறது?” என்று சிரித்தாள். உறை வாங்கிக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்துவிட்டு, பிசுக்குப் போச்சா இல்லையான்னு கைக்குத் தெரிய வேண்டாமா என்று கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மகளுக்காகப் போகிறவளை நான் என்ன சொல்லித் தடுப்பது? நானும் கூட வருகிறேன் என்றேன். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குக் கண் அறுவை முடிந்திருந்தது. அவரை விட்டுவிட்டு வந்தால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று மிரட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பேத்தி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் போன் செய்தேன். குழந்தை யார் சாயல், மகளுக்குப் பால் சுரக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கையைப் பற்றிக் கேட்டேன். நல்லா ஆறிப்போச்சு என்றாள். நான் பிறகு என் புராணத்தை ஆரம்பித்தேன். நடுவில் அந்தப் பக்கம் கரகரவென்று பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. யார் தேய்க்கிறார்கள் என்றேன்.

“பக்கத்து ஊட்டுப் புள்ளடி. தெனமும் அதான் வந்து தேச்சுக் குடுக்குது. நான் தொடறதே இல்ல.”

அதைச் சொல்லி முடிக்கும்வரை சத்தம் நின்றிருந்தது. நான் பேசத் தொடங்கியதும் மறுபடி கேட்டது. எனக்குச் சந்தேகம் வந்து, மாங்காய் விளைச்சல் எப்படி என்று கேட்டேன். சத்தம் நின்றது, அக்கா பதில் சொன்னாள். அவளுக்குப் பேச வேண்டுமென்றால் கையையும் ஆட்ட வேண்டும். வேலை செய்துகொண்டே பேச வராது. பொய் சொல்கிறாய் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் போனை வைத்துவிட்டு மிச்சத்தையும் தேய்த்து முடிப்பாள்.

எனவே கேட்கத் தொடங்கினேன். பேத்திக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள், மாப்பிள்ளை எப்போது வருகிறார், பத்தியக் குழம்புக்கு என்னென்ன போடுகிறாய், ஆலையில் இந்த வருடம் யார் மேஸ்திரி. என்னடி இன்னிக்கி நீ பேசாம என்னையே பேசச் சொல்ற என்றாள். நீ சொல்லு, நான் கேட்கிறேன் என்றேன். அவள் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் தேய்க்கும் சத்தமே இல்லை. அடுத்து என்ன கேட்கலாம் என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.