சந்தன நிறக் குழாய்

ஆறாவது தெருவின் கோடி வீட்டில் இருக்கும் அம்மாவைக் குடியிருப்பில் எல்லோரும் மீட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குறித்துவந்தவர். வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. ஆனால் தெருவில் இறங்கினால் இன்றும் ஆளைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். எந்த மூடிக்குக் கீழே என்ன வால்வு, எந்தச் சுவரோரம் எந்தக் குழாய் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னால், அவர் நாலடி தாண்டிய பிறகுதான் இவர் நிமிர்ந்து பதில் சொல்வார். தலைக்கனம் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

வேலையை விட்டது வீட்டுக்காரருக்காக. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. அது முன்பைவிட ஒரு சுற்று வேகமாகவே ஓடியது. அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சரிவுப் பலகை வழியாக வாசலுக்கு உருட்டிக்கொண்டு வர மீட்டரம்மாவுக்கு, கை நன்றாகப் பழகிய பிறகும், ஆறு நிமிடம் பிடிக்கும். தான் கடைக்குப் போயிருக்கும்போது வீட்டில் தீப்பிடித்தால்? இந்தக் கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட வீட்டுத் திசையில் புகை தெரிகிறதா என்று பார்ப்பார்.

தீயணைப்பு வண்டி வந்தால் தண்ணீர் எடுக்க ஒவ்வொரு தெருவிலும் ஒரு குழாய் உண்டு. இடுப்பளவு உயரம், கனத்த இரும்பு, நல்ல சிவப்பு. ஆறாவது தெருவின் குழாய் மீட்டரம்மா வீட்டுக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. இருந்தது என்று சொல்லக் காரணம், அதைச் சங்கத்தார் ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

குடியிருப்போர் சங்கத்துக்கு முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம். தலைவர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். கெட்டவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. விதியென்றால் தனக்கும் ஒன்றுதான், ஊருக்கும் ஒன்றுதான் என்று நிற்கிறவர். சொந்த மகள் வீட்டு வாசலில் நீலப் பூந்தொட்டி வைத்ததற்கு அவளுக்கே நோட்டீஸ் அனுப்பியவர். தெருவிலிருந்து கண்ணில் படும் எதுவும் சந்தன நிறமாகவோ பழுப்பாகவோதான் இருக்க வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. சிவப்புக் குழாய் கண்ணில் பட்டது. சந்தன நிறம் அடித்தார்கள். அப்படியும் துருத்திக்கொண்டு தெரிகிறதே என்று தெரு நெடுகச் செடிவேலி வைத்தார்கள். செடி நன்றாக வளர்ந்தது. குழாய் காணாமல் போனது.

மீட்டரம்மா முதலில் கடிதம் எழுதினார். பதில் வந்தது: ஒன்பதாம் விதியைப் பார்க்கவும். பிறகு கத்தரியை எடுத்துப்போய்த் தானே செடியை வெட்டி, குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட்டும் அடித்துவிட்டு வந்தார். இரண்டே நாளில் தோட்டக்காரரை அனுப்பிப் பழையபடி சந்தன நிறம் அடித்து, ஒரு வரிசைக்கு இரண்டு வரிசையாகச் செடியும் வைத்துவிட்டார்கள். சங்கத்தில் வேறெந்தக் காரியமும் இரண்டு நாளில் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

கூட்டத்தில் எழுந்து பேசினார். ஓட்டுக்கு விட்டார்கள். எதிராக முப்பத்தோரு கை, ஆதரவாக நாலு கை. அந்த நாலில் ஒன்று, மின்விசிறியைப் போடச் சொல்லித் தூக்கிய கை.

"ரூல்னா ரூல்தாம்மா. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு வளைக்க முடியாது" என்றார் தலைவர்.

"வளைக்க வேண்டாம் சார்" என்றார் மீட்டரம்மா.

வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். மனப்பாடம் செய்யும் மாணவியைப் போல விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். பாதிப் புத்தகம் குப்பைத்தொட்டி மூடியைப் பற்றி இருந்தது. கட்டிலில் கிடந்தபடி வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏம்மா, கதை எப்படிப் போகுது? ஹீரோ வந்துட்டானா?"

"இருபத்தேழாம் பக்கத்துல வந்துட்டான்" என்றார் மீட்டரம்மா.

அந்தப் பக்கத்தில் இருந்த விதி இதுதான்: வருடத்துக்கு ஒரு முறை தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து ஒத்திகை நடத்த வேண்டும். உறுப்பினர் எவரும் அதைக் கேட்டு எழுதலாம். எந்த வீட்டில் என்பதை எழுதியவரே சொல்லலாம். சங்கம் தொடங்கி ஒன்பது வருடத்தில் யாரும் கேட்டதில்லை, ஒத்திகையும் நடந்ததில்லை. தன் வீட்டில்தான் என்று மீட்டரம்மா எழுதினார். தலைவர் படித்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அவர்தான் விதி மனிதராயிற்றே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது. வாசலுக்குப் போகும் முன் மீட்டரம்மா வீட்டுக்காரருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்.

"உள்ள மாட்டிக்கிட்டவர் நீங்கதான். கூப்பிடுற வரைக்கும் பேசாம படுத்திருங்க."

"படுத்திருக்கிறது எனக்கு நல்லா வரும். பேசாம இருக்கிறதுதான் கஷ்டம்."

தெருவில் நல்ல கூட்டம். நிலைய அதிகாரி வண்டியிலிருந்து இறங்கினார், கையில் ஒரு அட்டையும் அதில் செருகிய படிவமும். மீட்டரம்மாவிடம் வந்தார்.

"குழாய் தெருவோட இடது பக்கம்னு எங்க வரைபடத்துல இருக்கு. இங்க செடிதான் இருக்கு. எங்கேன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார். ஆனா சொல்ல மாட்டேன். நிஜமா தீப்பிடிக்கிற அன்னைக்கு நான் கடையில இருப்பேன். நான் இல்லைன்னு வச்சுக்கிட்டுத் தேடுங்க."

அதிகாரி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு விசிலை ஊதினார்.

குழாயைத் தேடி மூன்று தீயணைப்பு வீரர்கள் செடிவேலிக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். தலைவர் முன்னால் வந்து, "இதோ, இந்த இடம்தான்" என்று உறுதியாகக் கை காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. "அப்ப அது" என்று பத்தடி தள்ளிக் காட்டினார். அங்கேயும் இல்லை. செடி வைக்கச் சொன்னவர் அவர்தான், ஆனால் ஒரு நாளும் நேரில் வந்து பார்த்ததில்லை. கூட்டத்தில் ஆளுக்கு ஒரு இடம் சொன்னார்கள். நாலாவது நிமிடத்தில் அதிகாரி மறுபடி விசில் ஊதினார்.

"கணக்குப்படி வண்டியில இருந்த தண்ணி இப்போ தீர்ந்துடுச்சு" என்றார்.

மீட்டரம்மா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வீரர் குழாய்க்கு ஒரு முழம் தள்ளிக் கம்பை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முழம். கொஞ்சம் வலது பக்கம் என்று சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். வெறும் ஒத்திகை, தீயும் இல்லை, புகையும் இல்லை, எல்லாம் தெரியும். இருந்தும், வீரர் வேறு பக்கமாகத் திரும்பி நடந்து போனபோது ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. அசையாமல் நின்றார். இன்று வாயைத் திறந்தால் அந்தச் செடி அங்கேயேதான் நிற்கும்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு வீரர் முழங்காலில் இடித்துக்கொண்டு "அம்மா!" என்று கத்தினார். குழாய் கிடைத்துவிட்டது. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். பையிலிருந்து செல்போனை எடுத்து ஒருவர் படம் பிடித்தார். தலைவர்கூட லேசாகச் சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. அட்டையைத் தொடையில் ஊன்றி எழுத ஆரம்பித்தார்.

"நாலுல தண்ணி தீர்ந்தது, பன்னிரண்டுல குழாய் கிடைச்சது. நடுவுல எட்டு நிமிஷம் சொட்டுத் தண்ணி இல்ல. பின்னாடி தண்ணி இல்லாம என் ஆளை நான் உள்ள அனுப்ப மாட்டேன். உள்ள இருக்கிறவர் நடப்பாரா?"

"நடக்க மாட்டார்" என்றார் மீட்டரம்மா.

உயிரிழந்தோர் என்ற கட்டத்தில் அதிகாரி 'ஒருவர்' என்று எழுதினார். படிவத்தைத் திருப்பி நீட்டினார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பொண்டாட்டி."

"குடும்பத்தாருக்குத் தெரிவிச்சாச்சுன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடணும்மா. ஒத்திகைதான், ஆனா முறைப்படி எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்."

மீட்டரம்மா பேனாவை வாங்கினார். இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்ட கையோ. அது இப்போது அந்தக் கோட்டில் இறங்க மறுத்தது. இந்த ஒத்திகையைக் கேட்டு வாங்கியவர் அவரேதான். கணக்கு இப்படித்தான் முடியும் என்றும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை இன்னொருவர் கையெழுத்தில் பார்ப்பார் என்று மட்டும் அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் போட மாட்டேன் சார்" என்றார். படிவத்தைத் தலைவரிடம் கொடுத்தார். "குடும்பத்தார் இல்லைன்னா சங்கத் தலைவர் போடலாம்னு கீழே எழுதியிருக்கு. ரூல்தான். நீங்க போடுங்க."

தலைவர் படிவத்தை வாங்கிப் படித்தார். சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அப்போதுதான் படுக்கையறை ஜன்னல் வழியாக அந்தக் குரல் வந்தது.

"ஏம்மா! சத்தமே காணோமே, முடிஞ்சுதா? என்னைக் காப்பாத்திட்டாங்களா?"

படம் பிடித்துக்கொண்டிருந்தவர் செல்போனைக் கீழே இறக்கினார். தலைவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. பேனாவின் மூடியைப் போட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"சார்" என்று அதிகாரியிடம் சொன்னார். "இன்னொரு தடவை நடத்தணும். இன்னைக்கே."

"இந்தச் செடியை வச்சுக்கிட்டா?"

"செடி இருக்காது."

சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலிக்குள் இறங்கி, குழாயை மறைத்திருந்த முதல் செடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. வங்கியில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. முழங்காலில் இடித்துக்கொண்ட வீரர் நொண்டிக்கொண்டே போய் அவரோடு சேர்ந்து பிடித்தார். ஒன்பதாம் விதிக்குக் கை தூக்கியவர்களில் நாலைந்து பேரும் பின்னாலேயே போனார்கள்.

மீட்டரம்மா வீட்டுக்குள் போனார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு படுக்கையறை வாசலில் நின்றார்.

"என்ன ஆச்சு, நான் பிழைச்சேனா இல்லையா?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னும் இல்லைங்க" என்றார் மீட்டரம்மா. "கொஞ்ச நேரம் படுத்திருங்க. வந்துட்டிருக்காங்க."