வேணுகோபாலின் புதுப் போன்

பாலம்மாள் வீட்டில் இரண்டு பழைய சாமான்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடின. ஒன்று, மகன் ஜெயகிருஷ்ணன் இன்ஜினியரிங் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டால் அது முழித்துக்கொள்வதற்குள் அவள் காபி போட்டு இறக்கிவிடுவாள். இன்னொன்று, கணவர் வேணுகோபாலின் பட்டன் போன். பேட்டரி உப்பி, பின்மூடி நிற்காமல், ரப்பர் பேண்ட் சுற்றிய நிலையில் அவர் சட்டைப்பையில் கிடந்தது.

வேணுகோபால் கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தீப்பெட்டி பண்டல் ஏற்றிப் போன வண்டி எந்த ஊர் தாண்டியிருக்கும் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். டிரைவர்கள் அத்தனை பேர் போன் நம்பரும் அவருக்கு வாயில் இருந்தது. பாலம்மாள் புதூர்ப் பக்கம் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து, அவருக்குப் பின்னால் அவளும் ஓய்வு பெற்றாள். இனிமேலாவது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்திருந்தாள்.

அதற்குள் மறதி வந்துவிட்டது. முடிவெட்டப் போன மனுஷர் திரும்பும்போது அடுத்த தெரு வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுப் பொம்பளை வந்து சொல்லித்தான் பாலம்மாளுக்குத் தெரியும். திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, மருந்து அதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேணுகோபால் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி பாலா, பயகிட்ட சொல்லாத. வேலைய விட்டுட்டு வந்து நிப்பான்."

"சொல்லல."

சொல்லவும் இல்லை. சென்னையிலிருந்து ஜெயகிருஷ்ணன் பேசும்போது, "நைனா என்னம்மா, சொன்னதையே சொல்லுதாவ?" என்று கேட்பான். அப்பாவை அவன் நைனா என்றுதான் கூப்பிடுவான். "வயசானா அப்படித்தாம்ப்பா" என்று முடித்துவிடுவாள்.

காலையில் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வராவிட்டால் வேணுகோபாலுக்கு அன்றைக்குப் பொழுது விடியாது. அதைத் தடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தைரியத்துக்கு அந்தப் போன் இருந்தது. இரண்டாம் நம்பர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அவளுக்கு மணி அடிக்கும்படி செல்போன் கடை முத்துசெல்வம் வைத்துக் கொடுத்திருந்தான். மற்ற நம்பரெல்லாம் மறந்துபோனாலும் அந்தப் பட்டனை அவர் பெருவிரல் மறக்கவில்லை. வழி தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்லவே மாட்டார்.

"பாலா, என்ன செய்யுத?"

அந்தக் குரலிலேயே அவளுக்கு விளங்கிவிடும். "சும்மாதான் இருக்கேன். எதுத்தாப்புல என்ன கடை இருக்கு, போர்டப் படிங்க பாப்போம்."

"விதைக் கடை. பக்கத்துல சைக்கிள் கடை."

"சரி, சைக்கிள் கடைய ஒட்டி உள்ள வாங்க. போன வைக்காதீங்க. இப்ப என்ன தெரியுது?"

இப்படிப் போர்டு போர்டாகப் படிக்க வைத்து வீட்டு வாசல் வரைக்கும் கூட்டி வந்துவிடுவாள். வந்து செருப்பைக் கழற்றும்போது, "ஒங்கூடப் பேசிக்கிட்டே நடந்தா தூரமே தெரியல" என்பார்.

2009 கோடையில் ஜெயகிருஷ்ணன் லீவில் வந்தான். கம்ப்யூட்டரின் இரைச்சலைக் கேட்டான், போனில் சுற்றிய ரப்பர் பேண்டைப் பார்த்தான், சிரித்தான்.

"ஒரு கம்ப்யூட்டர் அஞ்சு வருசம், ஒரு போன் மூணு வருசம். அதுக்கு மேல வச்சிருந்தா அது நமக்கு வேலை பாக்காதும்மா, நாமதான் அதுக்கு வேலை பாக்கணும். ரெண்டையும் மாத்திருவோம்."

பாலம்மாள் போனை எடுத்துக்கொண்டு முத்துசெல்வம் கடைக்குப் போனாள். அவன் மூடியைத் திறந்து பார்த்தான். "உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா. பேட்டரி மட்டும் மாத்துனாப் போதும். ஆனா இந்த மாடலுக்குப் பேட்டரி வாரது கொறஞ்சு போச்சு. சொல்லி வச்சு வாங்கித் தாரேன்" என்றான்.

சரி என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் பாதிப் பேச்சில் போன் செத்துப்போய், அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் தெருத்தெருவாக ஓடியிருந்தாள். புதுப் போன் அப்படிக் காலை வாரிவிடாது. மகன் ஆசையாக வாங்கித் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான், காரணத்தைச் சொல்ல வேண்டிவரும். வீட்டுக்கு வந்து, "ஒன் இஷ்டம்ப்பா" என்றாள்.

முதலில் கம்ப்யூட்டர் மாறியது. பழையதில் வேணுகோபால் தினமும் சீட்டு அடுக்கி விளையாடுவார். புதியதிலும் அதே விளையாட்டு இருந்தது, ஆனால் வேறு நிறத்தில், வேறு இடத்தில். மகன் திறந்து கொடுத்தான். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர் அப்புறம் அதன் முன்னால் உட்காரவில்லை. பாலம்மாள் அதைப் பார்த்தாள். போனையாவது விட்டுவிடு என்று சொல்ல வாய் எடுத்தாள். சொல்லவில்லை.

போன் வந்தது. பட்டனே இல்லாத, முழுக்கக் கண்ணாடியாக இருந்த போன். பழையதைக் கடையில் மாற்றுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஜெயகிருஷ்ணன் அம்மாவின் படத்தைத் திரையில் வைத்து, "நைனா, அம்மா மூஞ்சியத் தொட்டாப் போதும், போன் போயிரும்" என்றான். வேணுகோபால் தொட்டார். அடுப்படியில் அவள் போன் அடித்தது. "யாரு?" என்று அவள் கேட்க, "நாந்தாம்ட்டி" என்று இவர் கூடத்திலிருந்து சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

மகன் சென்னைக்குத் திரும்பிப் போன பிறகு, ஒரு நாள் காலை டீ குடிக்கப் போனவர் மதியம் வரை திரும்பவில்லை. பாலம்மாள் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். டீக்கடையில் இல்லை. லாரி ஆபீஸில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டே போட்டாள். எங்கேயோ அவர் சட்டைப்பையில் தன் படம் மினுங்கி மினுங்கி அணைவது போல அவளுக்கு இருந்தது. வெயிலில் தார் உருகி செருப்பில் ஒட்டியது.

சாயங்காலம் ஆகப்போகும் நேரத்தில் அவர் நம்பரிலிருந்தே போன் வந்தது.

"ஏங்க, எங்க இருக்கீங்க!"

வேறு ஆண் குரல் பேசியது. "அக்கா, நான் அய்யாத்துரை, லாரி டிரைவர். அண்ணாச்சி ஆபீஸ்ல லோடு எடுத்த ஆளு. அண்ணாச்சி இங்கன கயத்தாறுல இருக்காவ, எந்த பஸ்ல ஏறி வந்தாவளோ தெரியல. என் வண்டி நிழல்ல உக்காந்திருந்தாவ. வெயில் ஒத்துக்கல போல, தண்ணி குடுத்திருக்கேன். வெரசா வாங்க."

பிறகு அவனே சொன்னான்: "போன் அணஞ்சு கெடக்கு, அது மேலயே அமுக்கிக்கிட்டு இருக்காவ அக்கா. சைடுல ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்குனாத்தான் வெளிச்சம் வருது. அது அவியளுக்குத் தெரியல."

வீட்டில் சொல்லிக் கொடுத்தபோது திரை எரிந்துகொண்டே இருந்தது. அது அணையும் என்பதையும், அணைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும், மணி அடித்தால் எப்படி எடுக்க வேண்டும் என்பதையும் யாருமே அவருக்குச் சொல்லவில்லை.

பாலம்மாள் ஆட்டோ பிடித்துப் போனாள். வேணுகோபால் லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பெருவிரல் நுனி சிவந்து கன்றியிருந்தது. அவளைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி முகம் கோணியது.

"எத்தன தடவ கூப்பிட்டேன். நீ ஏன் எடுக்கல?"

ஒங்க போன் வரவே இல்லையே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால், தனக்கு ஒரு போன் கூடப் பேசத் தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துபோகும்.

"அடுப்படில இருந்தேன். காதுல விழல."

"ஒன்னால எடுக்க முடியலயா?"

"எம் மேலதான் தப்பு. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அந்தப் பழியை அவள் ஏற்றுக்கொண்டாள். அவர் அதை நம்பியும்விட்டார். வீட்டுப் பாதையை மறந்தவருக்கு இது மட்டும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு போனைக் கையில் கொடுத்தால் தள்ளிவிடுவார். "அவ எடுக்க மாட்டா" என்பார். வெளியே போவதும் நின்றது.

அன்றைக்கே அவள் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜெயகிருஷ்ணன் மறுநாள் வந்து இறங்கினான். நேராக முத்துசெல்வம் கடைக்குப் போய் அதே மாடலில் பழைய போன் ஒன்றைத் தேடி வாங்கி, இரண்டாம் பட்டனில் அம்மா நம்பரைப் போட்டுக் கொண்டுவந்தான். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "ஒரு தடவ அமுக்குங்க நைனா" என்று கெஞ்சினான். வேணுகோபால் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அடுப்படிக்கு வந்து அவன் கேட்டான். "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருவன்னுதான்…"

"வந்திருப்பேம்லம்மா."

அவன் உடைந்து அழுதுவிட்டான். நோய் எப்படியும் கூடியிருக்கும், போன் மாறியதால் வந்தது இல்லை என்று டாக்டர் பிறகு அவர்கள் இருவரிடமும் பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் புது பேட்டரி ஒன்று போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அவர் போர்டு படித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்திருப்பார் என்பது பாலம்மாளுக்குத் தெரியும். அதை அவள் மகனிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த தை மாதத்தில் ஒரு காலை. பாலம்மாள் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வேணுகோபால் வெகுநேரம் அவளைப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க இந்த வீட்டுலதான் இருக்கீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் நீங்க என்று சொன்னதே இல்லை.

"ஆமா."

"ஒங்க வீட்டுக்காரர் இல்லையா?"

"வெளிய போயிருக்காவ. வந்துருவாவ."

"அப்பச் சரி. நானும் இருந்து அவியளப் பாத்துட்டே போறேன்" என்று சொல்லி, அவர் நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.