கடைசியாக இறங்கியவர்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். உங்கள் பத்திரிகையின் இந்தப் பகுதியில் எழுதுகிறவர்கள் வெள்ளத்தில் தப்பியவர்கள், திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துத் திரும்பக் கண்டெடுத்தவர்கள். நானோ அலமாரியில் விரித்த ஒரு காகிதத்தைப் பற்றி எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் வேறு. ஆனால் போன கிருத்திகையன்று முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது, இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போடுவாய் என்று யாரோ கேட்டதுபோல் இருந்தது. எழுதிவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பக்கம் கம்பெனி கட்டிக்கொடுத்த, 'லைன்' என்கிற வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்பவர். எனக்குத் தெரிந்த படிப்பெல்லாம் பஞ்சாங்கமும், சாமி பாட்டுப் புத்தகமும்தான். மற்றதைத் தொடமாட்டேன். கதை படிப்பது பொழுதைக் கெடுக்கும் என்று நினைத்திருந்த காலம்.

என்னைக் கெடுத்தவள் எதிர்வீட்டு அக்கா! அவர்கள் பௌத்தக் குடும்பம். அவள் வீட்டுச் சுவரில் புத்தர் படம், அதன் கீழே அடுக்கடுக்காகப் புத்தகங்கள். தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருப்பாள்.

"சாமி படம் போட்டாதான் படிப்பியா? இத்த படி. புடிக்கலன்னா என் மூஞ்சில விட்டெறி" என்று தைத்த கதைக் கட்டு ஒன்றை என் கையில் திணித்தாள். அடுப்பில் சோறு குழைந்துபோனதுகூடத் தெரியாமல் படித்தேன். அதற்கப்புறம் அவள் சொல்வதையெல்லாம் படித்தேன். பதிலுக்கு நான் என் சாமி புத்தகங்களை அவளுக்குச் சிபாரிசு செய்தேன். அவளும் மறுக்காமல் படித்துவிட்டு, "உங்க முருகனுக்குக் கோவம் ஜாஸ்திடி, ஆனா ஆளு நல்லவரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரிசைப் பெண்கள் எல்லோரும் அவள் வாசலில் கூடுவோம். முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அந்த வாரப் பத்திரிகையை அக்கா உரக்கப் படிப்பாள். படித்து முடித்ததும் அது வீடு வீடாகப் படம் பார்க்கப் போகும். கடைசியாக யார் கையில் நிற்கிறதோ, அவர்கள் அதை அலமாரித் தட்டில் விரித்துக்கொள்ளலாம். இது எங்கள் வரிசையின் சட்டம். வெறுமனே விரிக்கமாட்டார்கள். காகிதத்தை மடித்து, கத்தரியால் வெட்டிப் பிரித்தால் விளிம்பெல்லாம் வைரம் வைரமாக ஓட்டை விழுந்து, தோரணம்போல் தொங்கும். தீபாவளி, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்ததும் யார் வீட்டுத் தோரணம் அழகு என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும்.

அந்த வருஷம் ஒரு கடல் கதை வந்துகொண்டிருந்தது. கப்பலில் போன மாலுமியின் மனைவி, புயலுக்குப் பின் தினமும் துறைமுகத்துக்கு வந்து நிற்கிறாள். கப்பல் மூழ்கிவிட்டது என்கிறார்கள் சிலர். இல்லை என்கிறார்கள் சிலர். கடலையே பார்க்காத நாங்கள் அந்தப் பெண்ணுக்காக அழுதோம்.

அக்காவுக்கு மட்டும் அது வெறும் கதை இல்லை. அதற்குச் சில வருஷங்கள் முன்பு சுரங்கத்துக்குள் ஏர் பிளாஸ்ட் ஆகி, அதாவது ஆழத்தில் பாறை வெடித்து, வீட்டுப் பாத்திரமெல்லாம் உருண்டு விழுந்த நாளில், அவள் சுரங்கத்தில் இறங்கும் ஷாப்ட் வாசலுக்கு ஓடிப்போய் நின்றவள். ஆட்களை மேலே தூக்கிவரும் கேஜ் ஒவ்வொரு தடவை வரும்போதும் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றாளாம். கடைசிக் கேஜில், கடைசி ஆளாக, அவள் புருஷன் இறங்கினார். "மூஞ்சி பூரா மண்ணு. எனக்கே அடையாளம் தெரியல. பல்லக் காட்னாரு, அப்பதான் தெரிஞ்சிது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கண் மட்டும் சிரிக்காது.

ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணி போனோம். திரும்பி வந்து பார்த்தால் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவோ கையெழுத்துப் போடமாட்டேன் என்று அடம்.

மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், வார்டு வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீயாவது சொல்லும்மா. யார் சொன்னாலும் கேக்கமாட்டேங்கறா."

உள்ளே போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கதை முடிஞ்சிட்சாமே? கப்பல் வந்துச்சா?"

"அக்கா, முதல்ல கையெழுத்துப் போடு."

"முடிவு தெரியாம நான் கத்திக்குப் போமாட்டேன். அரை கதையோட செத்தா என் ஆவி இந்த லைன்லயே சுத்தும், பாத்துக்க." சிரித்தாள். ஆனால் அவள் கை என் கையை விடவில்லை. ஜில்லென்று இருந்தது. பயம்தான் அப்படிப் பேசுகிறது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

"எடுத்துக்கினு வரேன்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

சொல்வது சுலபம். பத்திரிகை எங்கே? அந்த வாரம் வழக்கம்போல் மாமா ஸ்டேஷனில் வாங்கியிருக்கிறார். அதற்குள் அக்காவுக்கு வலி வந்துவிட, ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் கோடி வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அக்கா இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை யாரும் படிக்கவில்லை. கோடி வீட்டுக்கு ஓடினேன். பூட்டு! அவர்கள் தங்கவயலிலேயே இன்னொரு சுரங்கமான மைசூர் மைன்ஸ் பக்கம் மாற்றலாகிக் குடி போய்விட்டார்களாம். எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வேறு பிரதி கிடைக்குமா என்று முதலில் ஸ்டேஷனில் கேட்டோம். தீர்ந்துவிட்டது. கடைத்தெருவில் முடிவெட்டும் கடைக்கு அந்தப் பத்திரிகை வரும் என்றார்கள். என் வீட்டுக்காரர் கடை வாசலில் நின்று கேட்டார்.

"அத்த எவனோ சுட்டுக்கினு பூட்டான் சார். ஆனா நான் படிச்சிட்டேன். மாலுமி வந்துடறான், கல்யாணச் சாப்பாடு மாதிரி முடிவு!"

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. பக்கத்து மளிகைக் கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். "யோவ், பொய் சொல்லாத! நானும் படிச்சேன். கப்பல் வருது, அவன் வரல. அவன் தொப்பி மட்டும்தான் வருது."

"தொப்பி எங்கய்யா வந்துச்சு? நீ பொட்டலம் மடிச்ச காகிதத்துல படிச்சிருப்ப!"

"நீ படம் பாத்துட்டு கதை வுடற!"

இருவரும் தெருவில் இறங்கிவிட்டார்கள். முடிவெட்டிக்கொண்டிருந்தவர் பாதித் தலையோடு நடுவில் நின்று சமாதானம் செய்தார். எங்களுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல்.

வழியில் என் வீட்டுக்காரர் சொன்னார். "பேசாம மாலுமி வந்துட்டான்னு நீயே சொல்லிடேன். அவ கையெழுத்துப் போட்டா சரிதானே?"

"நான் பொய் சொன்னா அக்கா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிடுவா. அப்பால டாக்டர் சொல்றதையும் நம்பமாட்டா."

சைனைட் மேட்டை ஒட்டியே மைசூர் மைன்ஸுக்கு நடந்தோம். சுரங்கத்திலிருந்து எடுத்து அரைத்துப் போட்ட மண் மலை அது. காற்றடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "முருகா, அந்த அம்மா வீட்டைக் காட்டு" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். வரிசை வரிசையாகக் கேட்டோம். அந்த அம்மா எருமை வளர்ப்பவள். ஆகவே எருமையைக் கேட்டோம்! புதிதாக எருமையோடு குடி வந்தவர்கள் யார் என்று கேட்டதும் ஒரு குழாயடியில் எல்லோரும் ஒரே திசையில் கைகாட்டினார்கள்.

தெலுங்கு அம்மா எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "ஏமம்மா, இத்தினி தூரம் நடந்தா வந்தீங்க? ஏமி ஆச்சு?"

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "அய்யோ, அந்த புஸ்தகமா? குடி வந்த அவசரத்துல வேற காகிதம் லேது. தட்டுல வெட்டிப் போட்டுட்டனே!"

உள்ளே ஓடினேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. மூன்று தட்டிலும் வைரத் தோரணம். பாத்திரங்களுக்கு அடியில் சோப்பு விளம்பரம், சமையல் குறிப்பு. மேல் தட்டில் வெங்கடாசலபதி படம், அதற்கு அடியில் துறைமுகப் படம்! கதையின் கடைசிப் பக்கம்!

கை நீட்டியவள் நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை. குங்குமம் வைத்து, பூப்போட்டு, விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. சாமிக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவுவதா? என் கை வரவில்லை.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன் முந்தானையை மடித்து விரித்து, பெருமாள் படத்தைப் பூவோடு தூக்கி அதில் வைத்துக்கொண்டாள், குழந்தையை ஏந்துகிற மாதிரி. "தீஸ்கோம்மா, எடுத்துக்கோ. ஆஸ்பத்திரிக்குன்னா சாமி கோச்சுக்கமாட்டாரு. நானும் வரேன், வெட்டினதே நான்தானே" என்றாள். நான் காகிதத்தை உருவிக்கொண்டதும், சாமிக்குத் தன் துவைத்த புடவை ஒன்றை விரித்து வைத்துவிட்டு எங்களோடு கிளம்பிவிட்டாள். எருமையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தாள். மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடியும் தறுவாய்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "நீயே படி" என்றாள்.

அதுவரை நாலு பேர் முன்னால் நான் படித்ததே இல்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரிகள் தலையணையோடு நகர்ந்து வந்தார்கள். கப்பல் தெரிகிறது. கூட்டம் ஓடுகிறது. பலகை போடுகிறார்கள். ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். நடுநடுவே ஓட்டை வந்தது. "மாலு" என்று பாதிதான் இருக்கும், "மி" கத்தரியோடு போயிருக்கும். ஊகித்து, சமாளித்துக்கொண்டே போனேன். கடைசி வரிக்கு வந்துவிட்டேன்.

'எல்லோருக்கும் கடைசியாக இறங்கியவர்'

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு பெரிய வைரம். வைரத்துக்கு அந்தப் பக்கம், 'அவள் கண்களிலிருந்து நீர் பெருகி வழிந்தது' என்று இருந்தது. கீழே முற்றும்.

தெலுங்கு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கிளம்பிற்று பாருங்கள் கூச்சல்!

"வந்துட்டான்டி! சந்தோசத்துல அழுவறா!"

"வேற எவனோ எறங்கினான். அவன் இல்லன்னுதான் அழுவறா."

"வாயக் கழுவு! அவன் வராம கதை முடிப்பாங்களா?"

நர்ஸ் ஓடிவந்து அதட்டினாள். அப்புறம் அவளே மெதுவாக, "எல்லி, எங்கே, காகிதத்தைக் காட்டுங்க" என்று கன்னடம் கலந்து கேட்டு, ஓட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

இத்தனை பாடுபட்டு எடுத்து வந்தும் முடிவு இல்லையே! இனி அக்கா கையெழுத்துப் போடவே மாட்டாளே!

அக்கா அந்தக் காகிதத்தை வாங்கினாள். ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தாள்.

"கேஜுக்கு முன்னாடி நான் நின்னேனே, அன்னைக்கும் இப்படித்தான்டி இருந்துச்சு. ஓட்டையா. அவரு வருவாரா வரமாட்டாரான்னு யாரும் முன்னாடியே சொல்லல. நின்னுதான் பாத்தேன்." வாசலில் நின்ற மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா, அங்கியே நிக்கிற? இந்தத் தபா நீ நில்லு. நான் வரேன். டாக்டரைக் கூப்டு, கையெழுத்துப் போடறேன்."

மாமா ஓடிய ஓட்டத்தில் செருப்பு வார்டிலேயே கிடந்தது.

ஆபரேஷன் நாளன்று மாமா, நான், தெலுங்கு அம்மா மூவரும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம். நான் கந்தனைக் கூப்பிட்டேன், அந்த அம்மா கோவிந்தனைக் கூப்பிட்டாள், மாமா புத்தரின் பெயரை உதட்டுக்குள் முணுமுணுத்தார். கதவு திறக்கும். தள்ளுவண்டி வரும். மாமா எட்டிப் பார்ப்பார். வேறு யாரோ. மறுபடி மூடும். மறுபடி திறக்கும். வேறு யாரோ. ஒவ்வொரு தடவையும் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். சுரங்கத்தில் பாறை வெடித்தபோதுகூட அசராத மனுஷன் என்று சொல்வார்கள்.

எல்லோருக்கும் கடைசியாக வந்த வண்டியில் அக்கா இருந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த டாக்டர், "பயமில்லை" என்றார். மாமா சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பார்த்தவர்கள் துக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் அக்கா கண் விழித்து, வறண்ட உதட்டோடு என்னிடம் கேட்டாள். "ஓட்டையில இன்னா இருந்துச்சு, தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிதுக்கா" என்றேன்.

அந்தக் கதை பிறகு புத்தகமாக வந்தது. அக்காவே ஒருநாள் கடையில் பார்த்திருக்கிறாள். கையில் எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறக்காமலே வைத்துவிட்டு வந்தாளாம். இன்றைக்கும் எனக்குப் படிக்கப் புத்தகம் சொல்கிறவள் அவள்தான். அந்த வைரத் தோரணக் காகிதம் என் சாமி மாடத்தில் முருகன் படத்துக்கு அடியில் இருக்கிறது. தினமும் விளக்கேற்றும்போது விளிம்பில் அந்த ஓட்டை தெரியும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் பயந்துகொண்டு படுத்திருக்கும் யாருக்காவது இதைச் சொல்லுங்கள். ஆனால் முடிவெட்டும் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர்போல் ஆளுக்கொரு முடிவு சேர்க்காமல், நான் சொன்னபடியே சொல்லுங்கள். கடைசி வரியில் இருக்கும் ஓட்டையை மட்டும் நீங்கள் அடைத்துவிடாதீர்கள். அதைக் கேட்கிறவர், தன் கதவு திறக்கும்போது தானே பார்த்துக்கொள்ளட்டும்.